கணக்கில் விழாத மூன்று மாடுகள்

கால்நடைத் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஊசி போடுவது எப்படி, சினை பார்ப்பது எப்படி என்று சொல்லித்தர நான் தேவையில்லை. அவற்றை என்னைவிட நன்றாகப் படித்துவிட்டே வந்திருக்கிறீர்கள். ஓய்வுபெற்ற ஒரு மருத்துவரிடமிருந்து உங்களுக்குக் கிடைக்கக்கூடியவை பெரும்பாலும் அவர் செய்த தவறுகள்தாம். என்னுடைய தவறுகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. பிடித்த தவறு என்று சொல்வது விந்தையாக இருக்கலாம். அதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பு வருகிறது என்பதுதான் காரணம்.

நாட்டினப் பசுக்கள் குறைகின்றன, கலப்பினப் பசுக்கள் பெருகுகின்றன என்று அவ்வப்போது அறிக்கைகள் வருவதைப் பார்த்திருப்பீர்கள். வரைபடத்தில் ஒரு கோடு ஏறும், இன்னொன்று இறங்கும். அந்தக் கோடுகளை நான் மதிக்கிறேன். எந்த ஊருக்கு எத்தனை தடுப்பூசி போகவேண்டும், தீவன விதை எங்கே தேவை, எந்த நிலையத்தில் ஆள் இருக்கவேண்டும் என்பவற்றை அவைதான் முடிவு செய்கின்றன. ஆனால், நாடு முழுமைக்குமான அந்தக் கோடு தொடங்குவது ஏதோ ஒரு வீட்டு வாசலில், யாரோ ஒருவர் கேட்கும் ஒரு கேள்வியில். அந்தக் கேள்வியைத்தான் நான் ஒருமுறை தவறாகக் கற்றுக்கொடுத்தேன்.

அது நான் பணியில் இருந்தபோது நடந்த கடைசிக் கால்நடைக் கணக்கெடுப்பு. தாளுக்குப் பதில் கைப்பேசிச் செயலியில் பதிவு செய்யும் முறை வந்திருந்தது. எங்கள் பகுதியில் கணக்கெடுப்பவர்களை மேற்பார்வையிடும் பொறுப்பு என்னுடையது. அவர்களுக்குப் பயிற்சி கொடுத்ததும் நான்தான்.

சிக்கல் வந்தது அறந்தாங்கிப் பக்கத்து ஊர் ஒன்றில். அதன் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் பாதிப்பேர் தங்களைப் பற்றி எழுதியதற்கு மகிழ்வார்கள், மீதிப்பேர் தங்களை விட்டுவிட்டதற்குச் சண்டைக்கு வருவார்கள். ஆண்கள் பலர் வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் ஊர் அது. அங்கே எங்கள் துறையின் கிளை நிலையம் ஒன்று இருந்தது. ஓர் அறை, முன்னால் தகரக் கூரை, அதன் கீழே மாட்டை நிறுத்தி வைத்தியம் பார்க்கும் இரும்புச் சட்டம், அவ்வளவுதான். ஆனால் அது இல்லையென்றால், ஈன்ற மாடு எழ முடியாமல் கிடக்கும் நாளில், அடுத்த மருத்துவர் இருக்குமிடம் பேருந்தில் முக்கால் மணி நேரம். மாட்டைப் பேருந்தில் ஏற்ற முடியாது.

அந்த ஊரைக் கணக்கெடுத்தவர் முருகேசன், எங்கள் கால்நடை ஆய்வாளர். அவர் அனுப்பிய பட்டியலைப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கறவை மாடுகளின் எண்ணிக்கை சென்ற கணக்கெடுப்பில் இருந்ததில் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. அதே நாளில் மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கையும் வந்தது. மாடுகள் குறைந்த ஊர்களின் கிளை நிலையங்களை அருகிலுள்ள நிலையங்களோடு இணைப்பது பற்றி ஆராய்கிறார்கள். இறுதிப் பட்டியலைப் பதிவேற்ற மூன்று நாள் அவகாசம். முருகேசனின் எண்ணிக்கை அப்படியே மேலே போனால், இணைக்கப்படும் நிலையங்களில் அந்த ஊர்தான் முதலில் இருக்கும்.

ஆனால் ஊர்ப் பால் சங்கத்திற்கு வரும் பால் குறையவில்லை. சினை ஊசிப் பதிவேடும் மெலியவில்லை. மாடுகள் பாதியாகிவிட்டால் பால் எப்படி அப்படியே இருக்கும்? நான் வந்து சேர்ந்த முடிவு மிக எளிதானது, மிகக் கேவலமானதும்கூட. முருகேசன் வீடு வீடாகப் போகவில்லை, எங்கோ உட்கார்ந்து விரலால் தட்டிவிட்டார் என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் அவரை அழைத்துக் கேட்டும்விட்டேன்.

அவர் கோபப்படவில்லை. ஒரு காலைத் தூக்கி, செருப்பைக் கழற்றி, அடிப்பாகத்தை எனக்குக் காட்டினார். குதிகால் தேய்ந்து ஓட்டையாகியிருந்தது.

“போன மாசம் வாங்குனதுங்கம்மா. டீக்கடையில உக்காந்தா இப்புடித் தேயுமா?”

மறுநாள் காலை இருவரும் சேர்ந்தே போவது என்று முடிவாயிற்று. நீங்கள் யாரையாவது சந்தேகிக்க நேர்ந்தால், அவர் நடந்த வழியில் முதலில் நீங்கள் நடந்து பாருங்கள். இதை நான் பெரிய தத்துவமாகச் சொல்லவில்லை. அந்தச் செருப்பைப் பார்த்த வெட்கத்தில் சொல்கிறேன்.

முதலில் போனது செல்வராணியின் வீட்டுக்கு. முப்பத்தைந்து வயது இருக்கும். கணவர் கட்டட வேலைக்குப் போகிறவர். அவர்களுக்கு நிலம் கிடையாது. வீட்டுக்குப் பின்னால், ஓலையும் தகரமும் கலந்து போட்ட கொட்டகையில், மூன்று கறவை மாடுகள் நின்றுகொண்டிருந்தன. நன்றாகக் குளிப்பாட்டி, கொம்பு துடைத்து, பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தன. முருகேசனின் பட்டியலில் அந்த வீட்டுக்கு நேரே சுழியம்.

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். “நீங்களே கேளுங்கம்மா” என்பதுபோல அவர் முகத்தை வைத்துக்கொண்டார்.

“உங்களுக்கு எத்தனை மாடு இருக்கும்மா?” என்று கேட்டேன்.

“எங்களுக்கு மாடு இல்லீங்க டாக்டரம்மா.”

“அப்ப இது?”

“அது அவுக மாடு.”

அவுக என்பது இரண்டு தெரு தள்ளி இருந்த ஜெயந்தி. ஜெயந்தியின் கணவர் குவைத்தில் இருக்கிறார். ஜெயந்தி பட்டப்படிப்பு முடித்தவர், வீட்டிலேயே தையல் கடை நடத்துபவர். அவர் வீட்டுக்குப் போனோம். தொழுவத்தில் விறகும் உடைந்த தையல் இயந்திரம் ஒன்றும் கிடந்தன. மாடு இருக்கிறதா என்று கேட்டதற்கு, “இங்க எங்கிட்டுங்க மாடு? நீங்களே பாருங்க” என்று தொழுவத்தைக் காட்டினார். அவர் பொய் சொல்லவில்லை. செல்வராணியும் பொய் சொல்லவில்லை. மூன்று மாடுகள் மட்டும் இரண்டு உண்மைகளுக்கு நடுவே காணாமல்போயிருந்தன.

இந்த ஏற்பாட்டை நீங்கள் இனிப் பல ஊர்களில் பார்ப்பீர்கள். மாடு வாங்கும் வசதி உள்ளவருக்குப் பராமரிக்க ஆள் இருக்காது. பராமரிக்கத் தெரிந்தவருக்கு வாங்க வசதி இருக்காது. எனவே முதலாமவர் தம் மாட்டை இரண்டாமவரிடம் வளர்க்க விடுவார். பால் வளர்ப்பவருக்கு. பிறக்கும் கன்றுகளில் ஒன்று இவருக்கு, அடுத்தது அவருக்கு. இதை வாரத்துக்கு விடுவது என்பார்கள். பத்திரம் கிடையாது, கையெழுத்து கிடையாது, வாய்ச்சொல் மட்டும்தான். அந்த வாய்ச்சொல் கெடாமல் இருப்பதற்கு ஒரு காரணம், வளர்ப்பவர் ஒருநாளும் அதைத் தன் மாடு என்று சொல்லமாட்டார் என்பது. செல்வராணி என்னிடம் மறைக்கவில்லை. தனக்குரிய மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

“மாட்ட நேர்ல பாத்தும் ஏன் பதியல?” என்று முருகேசனிடம் கேட்டேன்.

“பயிற்சியில நீங்கதானே சொன்னீங்க, வீட்டுக்காரங்க சொல்றத மட்டும் எழுதுங்க, எட்டிப் பாத்து எண்ணாதீங்கன்னு” என்றார் அவர். “அங்கிட்டு எழுதிக்கலாம்னு இங்கிட்டு விட்டேன். அங்கிட்டுப் போனா அவுகளும் இல்லன்னாக.”

ஆம், நான்தான் சொன்னேன். அதற்கும் ஒரு காரணம் இருந்தது. முன்பொரு முறை எங்கள் ஆள் ஒருவர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து மாடுகளை எண்ணியதில் ஒரு வீட்டில் பெரிய சண்டை மூண்டுவிட்டது. அந்தச் சண்டைக்குப் பயந்து நான் வகுத்த விதி இந்த மாடுகளை விழுங்கிவிட்டது. நேற்றைய தவறுக்கு எதிராகப் போடும் விதிகள் நாளைய தவறைத் தம் மடியிலேயே வைத்திருக்கின்றன.

அலுவலகத்திற்குத் திரும்பி, முந்தைய கணக்கெடுப்பின் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். அங்கே காத்திருந்தது அடுத்த வேடிக்கை. செல்வராணி வீட்டில் மூன்று மாடு, ஜெயந்தி வீட்டிலும் மூன்று மாடு. விசாரித்தபோது காரணம் புரிந்தது. அப்போது, மாடு வைத்திருப்பவர்களுக்குப் புல் நறுக்கும் இயந்திரம் தரப்போகிறார்கள் என்று ஊருக்குள் ஒரு பேச்சு உலவியிருக்கிறது. “எங்க கொட்டகையில மூணு நிக்குது” என்று ஒருவரும், “எங்களுக்கு மூணு இருக்கு” என்று மற்றவரும் சொல்லியிருக்கிறார்கள். அப்போதும் யாரும் பொய் சொல்லவில்லை. ஊர் முழுக்க இதுதான் நடந்திருந்தது. சென்ற முறை ஒவ்வொரு வார மாடும் இரண்டு மாடாக இருந்தது. இந்த முறை ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது. ஊரின் மாடுகள் எங்கும் போகவில்லை. எங்கள் வரைபடத்தின் கோடு மட்டும் மலையிலிருந்து குழிக்குள் குதித்திருந்தது.

பக்கத்து ஒன்றியத்தில் இருந்த நண்பர் ஒருவரிடம் அன்று மாலை தொலைபேசியில் யோசனை கேட்டேன். நல்ல மனிதர். “இவ்வளவு மண்டையை ஒடைச்சுக்க வேணாம். பழைய எண்ணிக்கையில கொஞ்சம் கூட்டிக் கொறைச்சு அனுப்பிடுங்க. நெலையமும் தப்பிக்கும், ஒங்களுக்கும் தொல்லை இல்ல” என்றார்.

அந்த யோசனை எனக்கு மிகவும் இனிமையாக இருந்தது என்பதை உங்களிடம் ஒப்புக்கொள்கிறேன். ஒரு நல்ல காரியத்துக்காகச் சொல்லும் பொய் நம்மை உறுத்துவதில்லை. அதுதான் அதன் ஆபத்து. நான் உட்கார்ந்து அதன் பின்விளைவுகளை எண்ணிப் பார்த்தேன். இல்லாத மாட்டுக்கு வரும் தடுப்பூசி குளிர்பெட்டியில் கிடந்து வீணாகும். அதே ஊசி இன்னோர் ஊரில் இருக்கிற மாட்டுக்குக் கிடைக்காமல் போகும். மாறாக, குறைந்த எண்ணிக்கையை அப்படியே அனுப்பினால் செல்வராணியைப் போன்றவர்கள் தங்கள் நிலையத்தை இழப்பார்கள். உண்மையான எண்ணிக்கை இந்த இரண்டுக்கும் இடையே எங்கோ இருக்கிறது. அது நிலையத்தைக் காப்பாற்றப் போதுமா என்று எனக்குத் தெரியாது. போதாமலும் போகலாம். தெரியாமல்தான் மறுபடி எண்ணுவது என்று முடிவெடுத்தேன். கையில் இரண்டு நாள் இருந்தது.

ஆனால் எந்தக் கேள்வியைக் கேட்டு எண்ணுவது? அதே கேள்வியோடு போனால் அதே பதில்தான் வரும். மறுநாள் முருகேசனின் வண்டியில் போகும்போது, செல்வராணி வேறென்ன சொன்னார் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். “மாடு அவுகளது. தண்ணி காட்டுறது, சாணி அள்ளுறது மட்டுந்தான் நம்ம வேலை” என்று அவர் சொன்னதை முருகேசனிடம் சொன்னேன். அவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

“அப்ப அதையே கேட்டா என்னங்கம்மா?”

அப்படித்தான் அந்தக் கேள்வி பிறந்தது: தினமும் எத்தனை மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறீர்கள்? எத்தனை பேர் ஒரு மாட்டுக்கு உரிமை கொண்டாடினாலும், அல்லது ஒருவருமே கொண்டாடாவிட்டாலும், அதற்குத் தண்ணீர் காட்டுவது ஒரே ஒரு வீடுதான். கணக்கெடுப்புக் கையேட்டைப் பிரித்துப் பார்த்தேன். மாடு எந்த வீட்டில் பராமரிக்கப்படுகிறதோ அந்த வீட்டில்தான் அதைச் சேர்க்கவேண்டும் என்று அதிலும் தெளிவாக இருந்தது. அச்சில் சரியாக இருந்ததை வாய்ச்சொல்லாக மாற்றும்போது நான்தான் கெடுத்திருந்தேன்.

செல்வராணியிடம் புதிய கேள்வியைக் கேட்டோம். தயங்காமல் மூன்று என்றார். பதிந்தோம். அடுத்த வீட்டுக்கு நடப்பதற்குள் செய்தி இரண்டு தெருவைத் தாண்டிவிட்டது. கழுத்தில் அளவு நாடா தொங்க ஜெயந்தி விரைந்து வந்தார்.

“எம் மாட்ட அவ வீட்டுல எழுதுறீங்களாமே? நாளைக்கு அவ மாடுன்னு ஆயிறாதா?”

செல்வராணியின் முகம் சிவந்துவிட்டது. “நான் எழுதச் சொன்னேனாக்கா? இவுகளாத்தான் வந்தாக. ஆறு வருசமா ஒரு தடவ எம் மாடுன்னு என் வாயில வந்திருக்கா?”

நான் பயந்தது இந்த இடத்தில்தான். ஜெயந்தி கோபத்தில் மாடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டால், செல்வராணி வீட்டுப் பால் அன்றே நின்றுபோகும். ஒரு சரியான எண்ணிக்கைக்காக, சரியாக நடந்துகொண்டிருந்த ஓர் உறவை நாங்கள் முறித்துவிடுவோமோ? வீட்டுக்குள் போய் ஒரு கேள்வி கேட்பது சிறிய செயல் என்று நினைக்காதீர்கள். நாம் கிளம்பிய பிறகும் அந்தக் கேள்வி அங்கேயே இருக்கும்.

ஒன்றும் ஆகாது, பயப்படாதீர்கள் என்று சொல்ல நா எழுந்தது. அடக்கிக்கொண்டேன். அதிகாரி சொல்லும் சமாதானத்தை நம்புவதற்கு ஜெயந்திக்கு எந்தக் காரணமும் இல்லை. எனவே கைப்பேசியை அவர் கையிலேயே கொடுத்தேன். “நீங்க படிச்சவங்க. ஒவ்வொரு பக்கமா நீங்களே படிச்சுப் பாருங்க. மாடு யாருக்குச் சொந்தம்னு முடிவுபண்ற மாதிரி ஒரு வரி இருந்தாலும் இப்பவே அழிச்சிடுறோம்” என்றேன்.

அவர் உண்மையிலேயே படித்தார். வெயிலில் நின்று, கையால் திரைக்கு நிழல் கொடுத்து, ஒவ்வொரு வரியாகப் பத்து நிமிடம் படித்தார். அந்தப் பத்து நிமிடமும் நாங்கள் மூவரும், பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர்களைப் போல, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

“இவ வீட்டுல இருக்குன்னுதான் எழுதியிருக்கு. அது உண்மைதானே, இருந்துட்டுப் போகட்டும்.”

“பத்து நிமிசம் படிச்சீகளே” என்றார் செல்வராணி, இன்னும் கோபம் தீராமல். “அதுல ஓரமாவாச்சும் நான் மாட்டத் திருடிட்டேன்னு இருந்துச்சா?”

“அதத்தான்டி தேடுனேன், கெடைக்கல” என்றார் ஜெயந்தி. செல்வராணிக்கு முதலில் சிரிப்பு வந்துவிட்டது. அதன்பின் ஜெயந்திக்கு. தைக்கக் கொடுத்த ரவிக்கை என்னவாயிற்று என்று பேச்சு திரும்பியபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அதன்பின் இரண்டு நாளும் திருவிழாபோலக் கழிந்தன. ஜெயந்தி தன் கடையை மூடிவிட்டு எங்களோடு வந்தார். வாரத்துக்கு மாடு விட்டிருந்த மற்ற வீடுகளில், நாங்கள் பேசுவதற்கு முன்பே அவர் பேசினார். “நான் முழுசும் படிச்சிட்டேன், ஒண்ணும் இல்ல” என்ற அவருடைய ஒரு வார்த்தை எங்கள் அடையாள அட்டையைவிட வலுவாக இருந்தது.

புதிய கேள்வி எங்களுக்கு இன்னொன்றையும் கற்றுக்கொடுத்தது. அதுவரை வாசலில் உட்கார்ந்திருக்கும் ஆண்களிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். தண்ணீர் காட்டுவது யார் என்று கேட்டதும், அவர்கள் தாமாகவே கொல்லைப்பக்கம் திரும்பி மனைவியையோ மருமகளையோ அழைத்தார்கள். ஒரு வீட்டில் பெரியவர் மிடுக்காக நான்கு என்றார். உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: “ஆறுங்க. ரெண்டு கெடேரி வந்து மூணு மாசமாச்சு. அவருக்கு இன்னும் அறிமுகம் ஆகல.” பெரியவரும் சேர்ந்து சிரித்தார்.

இன்னொரு வீட்டுப் பெண் ஐந்து என்றார். கொட்டகையில் மூன்றுதான் இருந்தன. மற்ற இரண்டும் பக்கத்து வீட்டு மாடுகள். அந்த வீட்டார் பொன்னமராவதிக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்ததால் இரண்டு நாளாக இவர் தண்ணீர் காட்டியிருக்கிறார். எங்கள் கேள்வியும் குற்றமற்றதன்று என்று அப்போது தெரிந்தது. தினமும் என்ற சொல்லை அழுத்திச் சொல்லிப் பழகிக்கொண்டோம்.

மூன்றாம் நாள் மதியம் கூட்டிப் பார்த்தோம். சென்ற முறையைவிடக் குறைவு, முருகேசனின் முதல் பட்டியலைவிட மிக அதிகம். கிளை நிலையம் நீடிக்கத் தேவையான எண்ணிக்கைக்கு மேலே பதினொன்று. முருகேசன் மூன்று தடவை கூட்டினார். மூன்று தடவையும் பதினொன்றுதான். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, உடனே பதறி, “மன்னிச்சுக்கங்கம்மா” என்றார். நான் மறுபடி நீட்டினேன்.

மகிழ்ச்சி இரண்டு நாள்கூட நிலைக்கவில்லை. ஒரு வாரத்துக்குள் ஓர் ஊரின் மாடுகள் இப்படிப் பெருகினால் எந்த நேர்மையான மேலதிகாரிக்கும் சந்தேகம் வரும். வரவேண்டும். மாவட்ட அலுவலர் தாமே சரிபார்க்க வருவதாகத் தகவல் அனுப்பினார். கண்டிப்பானவர், நியாயமானவர். எண்ணிக்கை மிக அதிகம் மாறிய வீடு ஒன்றைத் தாமே தேர்ந்தெடுத்து விசாரிப்பார். அந்த விசாரணை சரியாக அமையாவிட்டால் முதல் பட்டியலே நிற்கும். நிலையமும் போய்விடும். அதைவிட, நாங்கள் கூட்டி எழுதியவர்கள் என்ற பெயர் வரும்.

செல்வராணியிடம் முன்கூட்டியே போய் இப்படிக் கேட்பார்கள், இப்படிச் சொல்லுங்கள் என்று சொல்லிவைக்கலாமா என்று முருகேசன் கேட்டார். வேண்டாம் என்றேன். சொல்லிக்கொடுத்துப் பெறும் உண்மையை யாரும் உண்மை என்று ஏற்கமாட்டார்கள்.

அலுவலர் தேர்ந்தெடுத்தது செல்வராணியின் வீட்டைத்தான். சுழியத்திலிருந்து மூன்றுக்கு ஏறிய வீடல்லவா! வாசலில் ஊர்ப் பெண்கள் கூடியிருந்தார்கள். ஜெயந்தியும் நின்றார். அலுவலர் என்னையும் முருகேசனையும் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, செல்வராணியிடம் பணிவாகவே கேட்டார்.

“உங்களுக்கு எத்தனை மாடு இருக்கும்மா?”

“எங்களுக்கு மாடு இல்லீங்க சார்” என்றார் செல்வராணி.

ஆண்டுக்கணக்காகச் சொல்லிப் பழகிய பதில், தானாக வந்துவிட்டது. அலுவலர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். முருகேசன் தம் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் நாக்கின் நுனிவரை விளக்கம் வந்துவிட்டது. வாரம், கையேடு, பழைய பட்டியல் எல்லாம். ஆனால் அந்த நொடியில் நான் வாயைத் திறந்தால், அது நான் சொல்லிக்கொடுத்த பதிலாகிவிடும். என் பணிக்காலத்தில் நான் செய்த மிகக் கடினமான வேலை, அந்த அரை நிமிடம் பேசாமல் நின்றதுதான்.

செல்வராணி எங்கள் முகங்களைப் பார்த்தார். ஜெயந்தியைப் பார்த்தார். பிறகு சேலை நுனியை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு அலுவலரிடம் திரும்பினார்.

“சார், நீங்க கேக்குற கேள்வி சரியில்லீங்க.”

கூட்டத்தில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அலுவலரின் புருவம் உயர்ந்தது.

“அப்படிக் கேட்டா நான் இல்லன்னுதான் சொல்லணும். ஏன்னா மாடு இந்தா நிக்கிறாகளே, இவுகளது. எத்தனை மாட்டுக்குத் தண்ணி காட்டுறன்னு கேளுங்க.”

அவர் ஒரு கணம் யோசித்தார். அந்த மனிதரின் பெருமை இங்கேதான். தாம் யார், எதிரில் நிற்பவர் யார் என்று பார்க்காமல், கேள்வியை மட்டும் எடைபோட்டார். “சரிம்மா. தினமும் எத்தனை மாட்டுக்குத் தண்ணி காட்டுறீங்க?”

“மூணு மாட்டுக்குங்க” என்றார் செல்வராணி. “நீங்களும் வெயில்ல வந்திருக்கீங்க. ஒரு செம்பு கொண்டாரவா?”

அடங்கியிருந்த சிரிப்பு உடைந்துகொண்டு வந்தது. ஜெயந்தி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முருகேசனுக்கு இருமல் வந்துவிட்டது. அலுவலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி தாமும் சிரித்தார். தண்ணீரை வாங்கிக் குடித்தார். கொட்டகைக்குப் போய் மூன்று மாடுகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு பட்டியலில் கையெழுத்திட்டார். வண்டியில் ஏறும்போது, அந்தக் கேள்வியை ஒரு தாளில் எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார். அடுத்த மாதம் இலுப்பூரில் நடந்த பயிற்சிக் கூட்டத்தில் அதை அவரே கரும்பலகையில் எழுதினாராம். இதை யாரிடம் கற்றீர்கள் என்று ஒருவர் கேட்டதற்கு, “ஒரு வீட்டில் தண்ணீர் குடிக்கும்போது கற்றேன்” என்றாராம்.

கிளை நிலையம் இணைக்கப்படாது என்ற ஆணை சில வாரங்களில் வந்தது. நான் அதை நிலையத்துக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுக்க விரும்பினேன். போனபோது அங்கே சினை ஊசிக்காகச் செல்வராணி ஒரு மாட்டோடு நின்றிருந்தார். கூடவே ஜெயந்தியும். ஆணையை வாசித்துக் காட்டினேன். இரண்டு பேரும் தலையாட்டிவிட்டு மாட்டின் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது அன்று செல்வராணியின் வாசலிலேயே முடிந்துவிட்ட விஷயம்.

நிலையத்து உதவியாளர் பதிவேட்டைத் திறந்து, மாட்டின் நிறம், வயது எல்லாம் எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினார். உரிமையாளர் பெயர் என்ற கட்டத்தில் யாரை எழுதுவது என்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

செல்வராணி வழக்கம்போல ஜெயந்தியைக் காட்டக் கையைத் தூக்கினார். அதற்குள் ஜெயந்தி குனிந்து, அந்தக் கட்டத்தின் அகலத்தை ஒரு தையற்காரியின் கண்ணால் அளந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

“ரெண்டு பேரு எழுத எடம் இருக்கு. ரெண்டையும் எழுதுங்க. அவ பேர மொதல்ல எழுதுங்க.”